பன்னிரண்டு வரிக்குக் கீழே

ஜேன் அக்கா அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தது 1979-இல். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. சுங்கைப் பட்டாணிக்கு வெளியே ரப்பர்க் காட்டை அழித்துக் கட்டிய இடம் அது. ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய கையுறைகளைச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். ஆள் எடுக்கும் பகுதியில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி அவர்தான். நான் தொழிலாளர்களின் வருகை அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு மேசைகளும் ஒட்டியே கிடந்ததால் நடந்ததில் பாதியை என் கண்ணாலேயே பார்த்தேன். மீதியை அவரே சொன்னார்.

அவர் பிறந்தது கோலா கெத்தில் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அப்பா தோட்ட ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர். பிள்ளையைப் பட்டணத்தில் அத்தை வீட்டில் விட்டு, கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படிக்க வைத்தார். பிறகு தட்டச்சு படித்து ஒரு மரப்பட்டறை அலுவலகத்தில் மூன்று வருடம் கடிதம் அடித்தார் ஜேன் அக்கா. ஒரு முறை கல்யாணம் பேசி, நின்று போனது. அதைப் பற்றி அவர் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அம்மாவோடு ஒரு மலிவு விலை வீட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பின்வரிசையில் உட்காருவார். சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை.

வேலை கேட்டு வருகிறவர்கள் விண்ணப்பப் போரம் எழுதிக் கொடுப்பார்கள். அதிலிருந்து பெயர், வயது, தோட்டம், தேதி எல்லாவற்றையும் ஓர் அட்டையில் அடித்து நீளமான மரப்பெட்டியில் போடுவது ஜேன் அக்காவின் வேலை. புது அட்டையைப் பின்னால் செருகுவார். மேலாளர் ஓங் ஆள் கேட்டால் முன்னால் இருந்து எடுத்துக் கொடுப்பார். இது நியாயம் என்று யாரும் யோசித்துச் செய்ததில்லை. பெட்டியின் வாகு அப்படி, கை அப்படிப் போயிற்று.

1987 ஆகஸ்டில் கம்ப்யூட்டர் வந்தது. பினாங்கிலிருந்த ஒரு சிறு நிறுவனம் ஆள் சேர்ப்புக்கென்று ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தது. எழுதியவர் பெயர் வால்டர். பட்டர்வொர்த் தமிழர், மெலிந்த ஆள், பேசும்போது திரையைத்தான் பார்ப்பார். இரண்டு நாள் வந்து உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். மரப்பெட்டியில் இருந்த அட்டைகள் எல்லாவற்றையும் ஜேன் அக்கா ஒரு மாதத்தில் உள்ளே அடித்து முடித்தார்.

ஓங்குக்கு அந்தப் புரோகிராம் மிகவும் பிடித்துப் போனது. வயது பதினெட்டிலிருந்து இருபத்தைந்து, பெண், வேலை கிடைக்காதவர் என்று அடித்து ஒரு விசையைத் தட்டினால், கறுப்புத் திரையின் நடுவே பச்சைக் கோடுகளால் ஒரு பெட்டி விரியும். அதற்குள் பன்னிரண்டு வரி. வரிக்கு ஒரு பெயர். அம்புக்குறி விசையால் ஒரு வெளிச்சப் பட்டையை மேலும் கீழும் நகர்த்தி, வேண்டிய பெயரில் நிறுத்தித் தட்டினால் நேர்முகத்துக்கு வரச்சொல்லும் கடிதம் தானாக அச்சாகும். அரை நாள் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. இனிமேல் மரப்பெட்டியைக் கேட்க வேண்டியதில்லை என்று ஓங் சொல்ல, அது அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது.

சிடாம் கிரி தோட்டத்திலிருந்து மருதம்மாள் வர ஆரம்பித்தது அந்த வருடக் கடைசியில். நாற்பதைத் தாண்டியவர், ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுகிறவர். அவர் வெட்டிய தோட்டத்தில் பாதியைச் செம்பனைக்கு மாற்றிவிட்டார்கள்; மாதத்தில் பாதி நாள்தான் வேலை. மகள் விசாலாட்சிக்காக எங்களிடம் போரம் கொடுத்திருந்தார். சனிக்கிழமை பாசாரில் சாமான் வாங்க வருகிறபோதெல்லாம் தொழிற்சாலை வாசலில் காவலுக்கு இருந்த ஜாகாவிடம் சொல்லிவிட்டு நிற்பார். ஜேன் அக்கா போய், இன்னும் முறை வரவில்லை என்று சொல்லிவிட்டு வருவார். ஐந்து மாதம் இப்படியே போனது.

1988 மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மருதம்மாள் அந்தப் பதிலோடு திரும்பிப் போகவில்லை. நான் அன்று ஜாகாவிடம் அட்டை கொடுக்கப் போயிருந்ததால் பக்கத்தில் நின்றேன்.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க," என்றார். "எங்க லயத்துல பக்கத்து வீட்டு அழகம்மா, எம்மகளுக்கு அப்புறம் எட்டு மாசம் கழிச்சுத்தான் போரம் குடுத்தா. அவ வேலைக்கு வந்துட்டா. இவ இன்னும் வீட்டுலதான் இருக்கா. இங்க யாருக்காச்சும் ஏதாச்சும் குடுக்கணும்னா தெறந்து சொல்லிடுங்க. நா எப்படியாச்சும் பாத்துக்கிறேன்."

ஜேன் அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "இங்க யாருக்கும் ஒன்னும் குடுக்க வேணாங்க்கா," என்றார். "நா பாத்துட்டு அடுத்த சனிக்கெழம சொல்றேன். கண்டிப்பா வாங்க."

கேண்டீனில் அந்தப் பேச்சு முன்பே இருந்தது. தமிழ்ப் பிள்ளைகளை ஒதுக்குகிறார்கள் என்று எங்கள் ஆட்கள் சொன்னார்கள். மலாய்ப் பெண்கள் தங்களைத்தான் ஒதுக்குகிறார்கள் என்றார்கள். மேற்பார்வையாளர் ஒருவர் ஆள் விட்டுப் பணம் கேட்டு வாங்குகிறார் என்றும் ஒரு கதை. ஜேன் அக்கா எதையும் நம்பவில்லை, எதையும் மறுக்கவும் இல்லை. திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில், கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து அனுப்பிய கடிதங்களின் நகல் கோப்பை எடுத்து ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தார். நூற்றுப் பதினெட்டுக் கடிதங்கள். முதலில் இனவாரியாகப் பிரித்தார், ஒன்றும் தெரியவில்லை. தோட்டவாரியாகப் பிரித்தார், அதிலும் ஒன்றும் இல்லை. களைத்துப் போய், கோப்பில் திரும்ப வைப்பதற்காக ஆங்கில எழுத்து வரிசைப்படி அடுக்கத் தொடங்கினார். ஏ-யில் ஆரம்பித்த குவியல் உயரமாக வந்தது. எம் என்ற எழுத்துக்குப் பிறகு எட்டே எட்டுக் கடிதங்கள்தான் இருந்தன.

என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் போய் ஓங் வழக்கமாக அடிப்பதை அப்படியே அடித்தார். பெட்டி விரிந்தது. அமினா, ஆங், அஞ்சலை, அஸிஸா என்று பன்னிரண்டு பெயர்கள். பக்கம் தள்ளும் விசையை அழுத்தினார். அடுத்த பன்னிரண்டு. இன்னும் அழுத்தினார். முப்பது தடவைக்கு மேல் அழுத்திய பிறகுதான் விசாலாட்சி வந்தாள். அவளுக்குக் கீழே யியோ வீட்டுச் சீனப் பெண்கள் இரண்டு பேர், ஸைத்தோன் என்ற மலாய்ப் பெண். மூன்று இனமும் அடியில் ஒன்றாகக் கிடந்தது.

நடந்தது இவ்வளவுதான். புரோகிராம் பெயர் வரிசையில் காட்டியது. பெட்டியில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். கீழே இன்னும் ஆள் இருக்கிறது என்பதற்கு அதில் ஓர் அடையாளமும் இல்லை. ஓங் தன் கண்ணில் பட்டவர்களிடமிருந்து தேவையான ஆட்களை எடுத்தார். எடுத்தவர்கள் பட்டியலிலிருந்து போனதும் கீழே உள்ளவர்கள் கொஞ்சம் மேலே வரத்தான் செய்தார்கள். ஆனால் மாதாமாதம் முப்பது புதுப் போரங்கள் வந்தன. அவற்றில் ஏ-யும் பி-யும் சி-யும் நேராக மேலே போய் உட்கார்ந்துகொண்டன. அந்தப் பெயர்களை உள்ளே அடித்தது தன் கைதான் என்பது ஜேன் அக்காவைக் குடைந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் ஓங்கிடம் சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. வேலை நெருக்கடியில் இருந்த மனிதர். புரோகிராம் நன்றாகத்தானே ஓடுகிறது, மாற்றுவதை அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். தானே மாற்றிப் பார்க்கலாமா என்று ஜேன் அக்கா கேட்டார். ஓங் அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, கெட்டுப் போனால் பழையபடி ஆக்க முடியுமென்றால் செய்யுங்கள் என்றாராம்.

பினாங்குக்குப் போன் போட்டார். வால்டர் முழுவதையும் கேட்டார். பிறகு, "என் பேரே டபிள்யூலதான் தொடங்குது, மிஸ் ஜேன்," என்றார். "எனக்கே தோணாமப் போச்சு பாருங்க."

எந்த வரியை மாற்ற வேண்டும் என்று போனிலேயே சொன்னார். பெயரை வைத்து அடுக்கு என்று இருக்கும் இடத்தில் தேதியை வைத்து அடுக்கு என்று எழுத வேண்டும். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் இன்னொரு வட்டில் நகல் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஜேன் அக்கா இரண்டு வட்டில் எடுத்தார். பிறகு அந்த ஒரு வரியை மாற்ற ஒரு மத்தியானம் முழுக்க எடுத்துக்கொண்டார். ஒவ்வோர் எழுத்தையும் தாளில் எழுதியதோடு ஒத்துப் பார்த்த பிறகே விசையைத் தட்டினார். பெட்டி விரிந்தபோது பெயர்கள் கலைந்து வந்தன. மேலே ஸெட் இருந்தது, எஸ் இருந்தது. அவர் அதற்கு மேல் பார்க்கவில்லை. ஓங் வந்து பன்னிரண்டு கடிதம் அச்சடித்தார். அந்தச் சனிக்கிழமை வாசலுக்குப் போய், தப்பு எங்கே என்று கண்டுபிடித்தாயிற்று, இந்தத் தடவை இல்லாவிட்டால் அடுத்த தடவை உங்கள் மகளுக்குக் கட்டாயம் வரும் என்று மருதம்மாளிடம் சொன்னார்.

அடுத்த தடவையும் வரவில்லை. அதற்கடுத்த தடவையும் வரவில்லை.

ஜூன் கடைசியில் மருதம்மாள் வந்தபோது எதுவும் கேட்கவில்லை. பாசார் பையைக் கீழே வைத்துவிட்டு, ஜேன் அக்கா பேசட்டும் என்று நின்றார். அதுதான் ஜேன் அக்காவைக் கேள்வியைவிட அதிகமாகச் சுட்டது. உள்ளே வந்து பட்டியலைப் போட்டு, முதல் முறையாக வரிக்கு வரி தேதியைப் பார்த்தார். முதல் பெயர் 88-ஆம் வருடம் பிப்ரவரி ஒன்று. அடுத்தது அதே வருடம் ஏப்ரல் ஒன்று. மூன்றாவது 87 ஆகஸ்ட் ஒன்று. கடிதம் போனவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு மாதத்தின் முதல் வாரத்தில் போரம் கொடுத்தவர்கள். தேதியில் நாள் முதலிலும் வருடம் கடைசியிலும் இருந்தது. கம்ப்யூட்டர் அதைத் தேதி என்று அறியாமல், வெறும் எழுத்தாக இடமிருந்து படித்திருக்கிறது. விசாலாட்சி போரம் கொடுத்தது 1987 ஜனவரி இருபத்தெட்டு. இருபத்தெட்டு என்பதால் அவள் மறுபடியும் அடியில் கிடந்தாள்.

என் மேசைக்கு வந்து, "நா அந்தம்மாகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்லா," என்றார். 

வால்டர் அந்த வாரம் கோலாலம்பூரில் இருந்தார், போனில் கிடைக்கவில்லை. ஜேன் அக்கா காத்திருக்கவில்லை. அலமாரியிலிருந்து மரப்பெட்டியை இறக்கினார், அதற்குப் பின் வந்த போரங்களையும் எடுத்து வைத்தார். வருடம் முதலில், மாதம் அடுத்து, நாள் கடைசி என்று ஒவ்வொரு தேதியையும் திருப்பி அடிக்கத் தொடங்கினார். அட்டையும் போரமும் சேர்த்து அறுநூற்றுப் பதினான்கு. மூன்று வாரம் சாப்பாட்டு நேரமெல்லாம் அதில் போனது. நான் சில நாள் பக்கத்தில் உட்கார்ந்து அட்டையை வாசித்தேன்; அவர் அடித்தார். ஒவ்வோர் அட்டையையும் மறுபடி கையில் எடுத்ததால், முன்பு கண்ணில் படாதவை பட்டன. ஒரே பெண் மூன்று முறை போரம் கொடுத்திருந்தாள், ஒவ்வொரு முறையும் பெயரை வேறு எழுத்தில் எழுதி. ஒருத்தியின் தோட்டமே விற்றுப் போய்விட்டிருந்தது. அவற்றையெல்லாம் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

முடித்த பிறகுதான் வால்டர் கிடைத்தார். அதைத் திருப்பி அடிக்கவே வேண்டியதில்லை, ஒரே வரியில் செய்துவிடலாம் என்றார். "மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா," என்றார் ஜேன் அக்கா. இரண்டு பேரும் போனில் சிரித்தது எனக்குக் கேட்டது. ஆனாலும் அவர் இன்னொன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பெட்டிக்கு அடியில், இன்னும் எத்தனை பேர் கீழே இருக்கிறார்கள் என்று ஓர் எண் தெரிய வேண்டும். வால்டர் அதையும் போனில் சொல்ல, தாளில் எழுதி, அடித்து முடித்தார்.

ஆகஸ்டு முதல் திங்கட்கிழமை ஓங் வந்து வழக்கம்போல் உட்கார்ந்தார். பெட்டி விரிந்தது. முதல் வரியில் ஸைத்தோன், இரண்டாவதில் யியோ, மூன்றாவதில் விசாலாட்சி. பெட்டிக்கு அடியில் மலாயில் ஒரு வரி: இன்னும் 412 பெயர்கள். ஓங்கின் கை விசைமேல் நின்றது. இவ்வளவு பேரும் காத்திருக்கிறார்களா என்று கேட்டார். ஆமாம், சிலர் ஒன்றரை வருடமாக, என்றார் ஜேன் அக்கா. ஓங் பக்கம் தள்ளும் விசையை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். கடைசி வரை போய்விட்டுத் திரும்பி வந்து, இனிமேல் தடவைக்கு முப்பது பேரை நேர்முகத்துக்குக் கூப்பிடலாம், பன்னிரண்டு போதாது என்றார். அன்று அச்சான முப்பது கடிதங்களையும் ஜேன் அக்காவே உறையில் போட்டு ஒட்டினார்.

நேர்முக நாளில் விசாலாட்சி வரவில்லை. கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மருதம்மாள்தான் வந்தார். அன்று சனிக்கிழமையும் இல்லை. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். ஜேன் அக்கா எழுந்து போய் உள்ளே கூட்டி வந்தார். அந்த அலுவலகத்துக்குள் மருதம்மாள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"அவளுக்குப் போன மாசமே பட்டர்வொர்த்துல தையல் கிலாங் ஃபேக்டரில வேல கெடைச்சிருச்சி, தங்கச்சி," என்றார். "சித்தி வீட்டுல இருக்கா, நல்லாருக்கா. இந்தக் கடுதாசி வந்ததும் நெனச்சேன், சும்மா விட்டா இவளுக்காக ஒரு எடம் காத்துக்கிட்டுல்ல கெடக்கும். அடுத்த பிள்ளைக்குக் குடுத்துடுங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்."

 மிஸ் என்று கூப்பிட்டவர் தங்கச்சி என்கிறாரே என்பதுகூட ஜேன் அக்காவுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்ததாம். உட்காரச் சொல்லி ஒரு கோப்பி வாங்கி வரச் சொன்னார். மருதம்மாள் அதைக் குடித்து முடித்துவிட்டு, திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"என்னைய மாதிரி ஆளுக்கு அதுல எடம் இருக்கா?"

இருக்கவில்லை. வயது இருபத்தைந்துக்குக் கீழ் என்று ஒவ்வொரு முறையும் அடித்துத் தேடியதால், அதைத் தாண்டிய ஒருவர் பெயர் எத்தனை காலம் உள்ளே இருந்தாலும் பெட்டியில் வரவே வராது. ஜேன் அக்கா அதை மறைக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு போரத்தையும் எடுத்து நீட்டினார். மருதம்மாள் சொல்லச் சொல்ல அவரே எழுதினார்.

அந்தச் சமயத்தில் தொழிற்சாலையின் நிலைமையும் மாறிக்கொண்டிருந்தது. கையுறைக்கு உலகமெங்கும் தேவை ஏறியது. இளம் பெண்களோ பினாங்கு மின்னியல் தொழிற்சாலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கையுறைகளைச் சரிபார்த்துப் பெட்டியில் கட்டும் பகுதியில் எப்போதும் ஆள் தட்டுப்பாடு. ஜேன் அக்கா ஓங்கிடம் வாதாடவில்லை. வயது என்ற நிபந்தனையை எடுத்துவிட்டுத் தேடி, வந்த பட்டியலைக் காட்டினார். நாற்பதுக்குப் பக்கத்தில் எண்பத்தாறு பெண்கள் இருந்தார்கள். எல்லாரும் தோட்டத்தில் வேலை குறைந்தவர்கள், ஒரு நாளும் கூப்பிடப்படாதவர்கள். ஓங் இரண்டு வாரம் யோசித்தார். பிறகு கட்டும் பகுதிக்கு மட்டும் நாற்பத்தைந்து வரை எடுத்துப் பார்க்கலாம் என்றார்.

இந்த இடத்தில் ஜேன் அக்கா என்னிடம் ஒன்றை ஒப்புக்கொண்டார். மருதம்மாளின் போரத்தை உள்ளே அடிக்கும்போது, தேதி என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டதாம். மகளின் தேதியைப் போட்டுவிட்டால் மறுநாளே முதல் வரியில் வந்துவிடுவார். யாருக்கும் தெரியாது. அந்த அம்மாள் அலைந்த அலைச்சலுக்கு அது தப்பும் இல்லை என்று ஒரு மனம் சொன்னதாம். "எனக்குப் பயமாப் போச்சு," என்றார் என்னிடம். "அப்படி ஒருத்தருக்குப் போட்டா, அப்புறம் யாரு வந்து கேட்டாலும் நா என்ன பதில் சொல்றது?" அன்றைய தேதியையே போட்டார்.

மருதம்மாள் ஏழு மாதம் காத்திருந்தார். ஆனால் இந்த முறை சனிக்கிழமைகளில் வாசலில் வேறு பேச்சு நடந்தது. ஜேன் அக்கா வருவதற்கு முன் பட்டியலைப் போட்டுப் பார்த்துவிட்டு வருவார். முதல் தடவை, உங்களுக்கு முன்னால் எழுபத்தொரு பேர் இருக்கிறார்கள் என்று சொன்னபோது மருதம்மாள் முகம் வாடவில்லை. எழுபத்தொன்றா என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஐம்பத்து நான்கு. பொங்கலுக்கு இருபத்து மூன்று.

"அப்ப வரிசையிலதான் நிக்கிறேன்," என்றார் அன்று. "நவுருதுல்ல, அது போதும்."

நடுவில் ஒரு மாதம் ஆள் எடுப்பதையே நிறுத்திவைத்தார்கள், எண் அசையவில்லை. ஜேன் அக்கா அதையும் அப்படியே சொன்னார். மருதம்மாள் தன் லயத்து மற்ற பெண்களுக்கும் எண் கேட்டு வர ஆரம்பித்தார். ஒரு சிறு தாளில் பெயர்களை எழுதிக் கொண்டுவருவார். ஜேன் அக்கா ஒவ்வொன்றுக்கும் எதிரே எண்ணை எழுதிக் கொடுப்பார். அந்தத் தாள் சிடாம் கிரியில் வீடு வீடாகப் போகுமாம். கேண்டீனில் ஒதுக்குகிறார்கள் என்ற பேச்சு எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. ஆனால் நின்றுவிட்டது.

1989 மார்ச்சில் மருதம்மாளுக்குக் கடிதம் போனது. நேர்முகத்தில் ஓங் அவரைக் கையுறை நிறைந்த ஒரு கூடை முன்னால் நிறுத்தினார். மருதம்மாள் இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பார்த்து ஓட்டையானதையும் மெலிந்ததையும் தனியே போட்டார். கட்டும் பகுதி மேற்பார்வையாளர் அவற்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஓங்கிடம் தலையாட்டினார். அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். அந்த வருடம் முடிவதற்குள் அவரைப் போலத் தோட்டத்துப் பெண்கள் பதினேழு பேர் அந்தப் பகுதியில் இருந்தார்கள். ஜேன் அக்காவைத் தட்டச்சிலிருந்து எடுத்து, கம்ப்யூட்டர் வேலைக்கென்றே தனி மேசை கொடுத்தார்கள். பிறகு பஸ் வரிசைக்கும் விடுமுறைக்கும் அவர் எழுதிய பட்டியல்கள் எல்லாவற்றிலும் அடியில் ஓர் எண் இருக்கும்.

மருதம்மாள் வேலையில் சேர்வதற்கு முந்தைய சனிக்கிழமை, காலை மூடின சப்பாத்து இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்று யாரோ சொல்லி, பதறிப் போய் ஜேன் அக்காவைத் தேடி வந்தார். இரண்டு பேரும் பட்டணத்துக்குப் போனார்கள். பாசார் பக்கத்துக் கடையில் வெள்ளைத் துணிச் சப்பாத்து ஒன்றை எடுத்தார்கள். ஜேன் அக்காதான் குனிந்து கயிற்றைக் கட்டிவிட்டார். கடைக்காரர் பழைய சிலிப்பரைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். மருதம்மாள் புதுச் சப்பாத்தைக் கழற்றவில்லை. காலைப் பார்த்துப் பார்த்து, ஈரமான இடத்தையெல்லாம் சுற்றிக்கொண்டு பஸ் நிலையம் வரை அதிலேயே நடந்து போனார்.